சுவரைத் தாண்டிய இரண்டு பந்துகள்

கால்பந்தில் விங்கில், அதாவது கோட்டோரம், ஆட வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் உங்களிடம் பந்து இருக்காது. கோட்டோரம் நின்று கையைத் தூக்கி, "இங்க, இங்க" என்று கத்துவீர்கள். நடுவில் ஆடுகிறவர்களுக்கு அது கேட்காது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் எதிரணி ஆட்களுக்கு நன்றாகக் கேட்கும். உங்கள் வயது, தொப்பை, தலைமுடி பற்றி அவர்களுக்கு அபிப்பிராயங்கள் உண்டு. ஹாஃப் டைம் முடிந்ததும் நீங்கள் எதிர்க்கோட்டுக்குப் போவீர்கள். அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள், அதே அபிப்பிராயங்களோடு. இதற்குச் சம்பளம் தருவதால் இதை வேலை என்கிறோம்.

நான் கேரளத்தில் ஆடினேன், கோவாவில் ஆடினேன், கல்கத்தாவில் மழையில் ஆடினேன். எல்லா இடத்திலும் லெஃப்ட் விங். முழங்கால் இனி முடியாது என்றதும் சொந்த ஊரான பிள்ளைப்பாக்கத்துக்கே வந்து, இந்தக் கிளப்பில் கடைசி சீசன்களை ஆடி முடித்தேன். ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் போடுவது எப்படி என்று சொல்லித்தர உங்களுக்கு கோச் இருக்கிறார். என்னை வேறு ஏதாவது பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் ஓடாமல் இருந்த ஒரு மதியத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் எனக்குக் கேரளத்தில் வாய்த்த முதல் கோச்சைப் பற்றிக் கொஞ்சம். விங்கருக்கு வேண்டியது என்று நீங்கள் நினைக்கிற எதையும் அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. பயிற்சி நடுவே விசில் அடித்து எல்லோரையும் நிறுத்துவார். என்னிடம் வந்து, "திரும்பாதே. உனக்குப் பின்னால் இருப்பவன் இப்போது என்ன செய்கிறான்?" என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு வெளியே உட்கார வேண்டும். முதல் மாதம் முழுக்க வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருப்பவன் என்றால் லெஃப்ட் பேக். நீங்கள் பந்தோடு முன்னால் போகும்போது உங்களைச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறவன் அவன்தான். மூச்சு, காலடி, கூப்பாடு, எல்லாவற்றையும் காதால் கவனிக்கப் பழகினேன். வீட்டில்கூட என் மனைவி பின்னால் வந்தால் அவள் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சரி, அந்த மதியம்.

அப்போது நமக்கு இந்த மைதானம் கிடையாது. வல்லம் வடகாலில், கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம். டிரா ஆனால்கூடப் போக முடியாது. மே மாதம், மூன்று மணி ஆட்டம். மாலையில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டோம். மாலையில் அதே இடத்தில் கிரிக்கெட் டோர்னமென்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

எனக்குப் பின்னால் லெஃப்ட் பேக் ஆடியது எசக்கி. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஸ்ரீபெரும்புதூரில் ஊர்க்காரப் பசங்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிற்சாலையிலேயே கான்ட்ராக்டில் வேலை. இந்த வருஷம் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுக்கிற ஆட்களில் அவன் பேர் இருப்பதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதை எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாக வந்து சொன்னான். வாய் ஓயாத ஆள். பந்து என்னிடம் வந்தால் போதும், பின்னாலிருந்து "அண்ணே, வாரேன்!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவான். அவன் வர வேண்டாத நேரத்திலும் வருவான். நான் பந்தைத் தொட்டால் அவன் கால் தானாக ஓடும், அவ்வளவுதான்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். எனக்கு ஒரு யெல்லோ கார்டும் கிடைத்தது. லைன்ஸ்மேனுக்குக் கண் பரிசோதனை பற்றி ஒரு யோசனை சொன்னதற்காக.

ஹாஃப் டைமில் எசக்கி பக்கெட் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. நேத்து நைட் ஷிப்ட். காலைல முடிச்சிட்டுக் கெளம்பலாம்னு பாத்தா, ஓ.டி.க்கு இருக்கச் சொல்லிட்டாவ. மாட்டேன்னு சொன்னா ரோல்லருந்து பேரத் தூக்கிருவாவ. அதான் ஓ.டி.க்குக் கார்டத் தேய்ச்சிட்டு, நைட் ஆளுவ போற பஸ்ஸுல ஏறி வெளிய வந்துட்டேன். லைன்ல கூட்டாளி ஒருத்தன் பாத்துக்கிடுதான்."

"அப்போ கம்பெனி கணக்குல நீ இப்ப எங்கடா கீற?"

"உள்ளதாம்ணே." சிரித்தான். சிரிப்பு வழக்கம்போலத்தான் இருந்தது. கண்தான் கொஞ்சம் தள்ளி எங்கேயோ பார்த்தது.

நான் கோச்சிடம் போய், எசக்கி தூங்காமல் வந்திருக்கிறான், மாற்றிவிடுங்கள் என்றேன். ஓ.டி. விஷயத்தைச் சொல்லவில்லை, அது அவன் விஷயம். கோச் ஒத்துக்கொண்டார். ஆள் மாற்ற மிச்சமிருந்த கடைசி சப் வாய்ப்பை அவனுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டாம் பாதி தொடங்கியதுமே எங்கள் கோல்கீப்பருக்குக் கணுக்கால் பிசகியது. கடைசி சப் அதற்குப் போய்விட்டது.

எனக்கு எதிரே ஆடிய ரைட் பேக் ஒரு வியாசர்பாடிக்காரர். நல்ல உடம்பு, நல்ல பேச்சு. தொடக்கத்திலிருந்தே என் கணுக்காலை ஒரு கடமையாக உதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதைக்குப் பிறகும், "இன்னா தல, வலிக்குதா? வூட்டுக்குப் போயேன்" என்று விசாரிப்பார்.

அவர் பேச்சுதான் கேட்டது. பின்னாலிருந்து வர வேண்டிய பேச்சு கேட்கவில்லை.

பந்து எனக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. "அண்ணே, வாரேன்" இல்லை. காலடிச் சத்தம் மட்டும் வந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை. திரும்பிப் பார்த்தேன். கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு எசக்கி மதிலைப் பார்த்து நின்றிருந்தான். நாங்கள் எல்லோரும் குளித்த மாதிரி நனைந்திருந்தோம். அவன் முகம் காய்ந்து கிடந்தது.

அடுத்து எங்களுக்கு ஒரு த்ரோ. லெஃப்ட் பேக் எறிய வேண்டும். எசக்கி பந்தை எடுத்தான். இரண்டு கையிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்:

"சார், இது ஓகே பீஸா, ரிஜெக்டா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வியாசர்பாடிக்காரரும் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் ரெஃப்ரியைக் கூப்பிட்டுப் பையனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் எசக்கியின் முன்னால் வந்து நின்று, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார்.

"யெஸ் சார்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. முதுகு நேராகிவிட்டது. ரெஃப்ரி என்னைப் பார்த்தார். ஒரு கோல் முன்னால் இருக்கிற அணியின் வயதான விங்கர் நேரத்தைக் கடத்துகிறார் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இந்தப் பகுதியில் ஷிப்ட் பார்க்கிற பசங்களிடம் யாராவது நேராக நின்று கேள்வி கேட்டால் "யெஸ் சார்" தானாக வரும். அதற்கும் அவர்கள் உடம்புக்கும் சம்பந்தம் கிடையாது. இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கோட்டோரம் போய் கோச்சிடம் சொன்னேன்.

"சப் முடிஞ்சிச்சேப்பா," என்றார். "அவன வெளிய எடுத்தா பத்து பேர். இன்னும் கொஞ்ச நேரம்தான். சும்மா நிக்கட்டும். அவன் பக்கம் பந்து போவாம பாத்துக்கோ."

கெட்ட மனிதர் இல்லை. வருஷம் முழுக்க இந்த ஒரு ஆட்டத்துக்காகத் தூங்காமல் இருந்தவர். எசக்கியையே கூப்பிட்டு, "வெளிய போயி உக்காருடா" என்றேன். "யெஸ் சார்" என்றான். அசையவில்லை.

அப்போது எங்கள் நடு ஆட்டக்காரருக்கு என்ன தோன்றியதோ, ஆட்டம் முழுக்க நான் கேட்ட பந்தை அந்த நேரம் பார்த்துக் கொடுத்தார். நல்ல பந்து. வியாசர்பாடிக்காரர் திரும்பும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் யாரும் இல்லை. கோல்கீப்பர் ஒருவர், அவரும் தப்பான இடத்தில். ஜனம் எழுந்து "போ, போ, போ" என்றது. எத்தனையோ ஊரில் எத்தனையோ மைதானத்தில் எனக்குக் கிடைக்காத காலி இடம், முழங்கால் போன பிறகு, கடைசி ஆட்டத்தில், வல்லம் வடகாலில் கிடைத்தது.

பின்னால் காலடி கேட்டது.

நான் பந்தைத் தொட்டதும் எசக்கி ஓட ஆரம்பித்துவிட்டான். யார் பந்து, எந்த ஊர், எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் கால் பழகிய வேலையைச் செய்தது. நான் எவ்வளவு தூரம் ஓடுவேனோ அவ்வளவு தூரம் அவனும் ஓடுவான். அது எனக்கு அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. பந்தை நிறுத்தி, திரும்பி, என்னால் முடிந்த அளவு உயரமாக மதிலுக்கு மேல் அடித்தேன்.

ஜனம் அமைதியானது. பிறகு என் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. கோச் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வியாசர்பாடிக்காரர் தரையிலிருந்தபடியே, "இன்னா தல, கோல் அந்தாண்ட கீது" என்றார்.

எங்களிடம் மூன்று பந்துகள் இருந்தன. ஒன்று காலையிலேயே காற்றுப் போய்விட்டது. மிச்சம் இருந்த பந்து வந்தது. எதிரணி எறிந்தது. இரண்டு மூன்று கால் மாறி, அது என் பக்கமே உருண்டு வந்தது. எசக்கி மறுபடி ஓடத் தயாராகிறான் என்று காதுக்குத் தெரிந்தது. நான் அதையும் மதிலுக்கு மேல் அனுப்பினேன். இந்த முறை யாரும் அதைத் தவறி நடந்ததென்று நினைக்கவில்லை.

ரெஃப்ரி ஓடி வந்து யெல்லோ கார்டு காட்டினார். ஏற்கெனவே ஒன்று இருந்ததால் அடுத்ததாக ரெட் கார்டும் காட்டினார். என் ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. விழா எதுவும் எடுக்கவில்லை.

"சார், கார்டு சரி," என்றேன். "இப்ப பந்து இல்ல. ஆட்டம் நின்னுடுச்சு. அவன் கழுத்துல கைய வெச்சிப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார், அவ்வளவு சூடு. அதற்குள் எசக்கி முட்டி போட்டு, அப்படியே சாய்ந்தான்.

ஆம்புலன்ஸ் என்று ஒரு வேன் நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். சாவியும் அவரோடு சாப்பிடப் போயிருந்தது. ஆட்டோ பிடிக்க வேண்டுமென்றால் மெயின் ரோடுக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருந்தது அந்தத் தொழிற்சாலையின் கேட்தான். நான் எசக்கியின் தோள்களைப் பிடித்தேன். கால்களை யாரோ தூக்கினார்கள். பார்த்தால் வியாசர்பாடிக்காரர். இரண்டு பேருமாக மதிலோரம் ஓடினோம். எனக்குப் பின்னோட்டம். ஆயுள் முழுக்க முன்னால் ஓடின ஆளுக்கு அது கஷ்டம்தான்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு என் வயது இருக்கும். அவர் நாற்காலிக்குக் கீழே எங்கள் இரண்டு பந்துகளும் பத்திரமாக இருந்தன.

"பந்துக்கா வந்தீங்கோ? அப்பிடியே தர முடியாது சார். உள்ள வந்ததுக்கு என்ட்ரி இல்ல. என்ட்ரி இல்லாத மெட்டீரியல வெளிய வுட்டா என்னைக் கேப்பாங்கோ."

"பந்துக்கு இல்ல சார். ஆளுக்கு."

எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் கேட் திறக்கவில்லை. உள்ளே வேப்பமர நிழலில் கம்பெனி ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குப் பக்கத்தில் முதலுதவி அறை. வாசலில் ஒரு நர்ஸம்மா. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

"எம்ப்ளாயிக்கு மட்டும்தான் சார். வெளியாள உள்ள வுட்டேன்னு வெய்யி, நாளிக்கு நான் வெளியாளு."

அந்த நேரம் வியாசர்பாடிக்காரர் கையை மாற்றிப் பிடித்தார். "தல, இவன் சாக்ஸுல இன்னாவோ கீது." ஷின் பேடுக்குள் கைவிட்டு எடுத்தார். கம்பெனி ஐ.டி. கார்டு. மைதானத்தில் பை திருட்டுப்போகும் என்று அதை மட்டும் காலோடு கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறான்.

கார்டை என்னிடம் நீட்டினார். எசக்கியின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பந்து எது என்று தெரியாத பையன், என்னை சூப்பர்வைசர் என்று நினைத்த பையன், இதை மட்டும் தெரிந்து வைத்திருந்தான்.

"காட்டாதியண்ணே."

கையில் நல்ல பிடி இருந்தது. அவன் ரோல், அவன் கூட்டாளியின் வேலை, ஊரில் அவனை எதிர்பார்த்திருந்தவர்கள், எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. எனக்கு அது தெரியும். ஹாஃப் டைமில் அவனே சொன்னதுதானே. வேலை போனால் இன்னொன்று தேடலாம் என்று நினைத்தேன். ரோலுக்காகக் காத்திருக்கிற பையனிடம் அதைச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். விரல்களைப் பிரித்துவிட்டு கார்டை செக்யூரிட்டியிடம் கொடுத்தேன்.

"உங்க ஆளுதான் சார்."

அவர் மெஷினில் தேய்த்தார். திரையைப் பார்த்தார். எசக்கியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இவன் உள்ள கீறான்னு காட்டுது."

வியாசர்பாடிக்காரர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். செக்யூரிட்டி இரண்டு மூச்சு யோசித்தார்.

"உள்ள கீற ஆளுக்கு உடம்பு முடியலன்னா உள்ளதான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு கேட்டைத் தள்ளித் திறந்தார்.

நர்ஸம்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். கட்டிலைக் காட்டவில்லை. "அந்த ஷவர் கீழ போடுங்க," என்றார். கெமிக்கல் மேலே பட்டுவிட்டால் ஓடிப்போய் நிற்பதற்காக வைத்திருக்கிற பச்சை நிற எமர்ஜென்சி ஷவர். அதன் கீழே ஜெர்சி, பூட்ஸோடு எசக்கியை உட்காரவைத்து, நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். கேன்டீனிலிருந்து டப்பாவில் ஐஸ் வந்தது. கக்கத்திலும் கழுத்திலும் அடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எசக்கி கண்ணைத் திறந்து வியாசர்பாடிக்காரரைப் பார்த்தான்.

"இவரு ஏம்ணே நம்ம சைடுல நிக்காரு?"

நர்ஸம்மா, "பரவால்ல, ஆள் தெரியுது," என்றார். கம்பெனி ஆம்புலன்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கிட்னியைப் பற்றிப் பேசினார், நாள் கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றார், கடைசியில் பிழைத்துக்கொள்வான் என்றார். அதை முதலில் சொல்லியிருக்கலாம்.

மற்றதெல்லாம் நீங்கள் எதிர்பார்க்கிறபடிதான். பந்து கொடுக்க வேண்டியது சொந்த மைதானத்து அணியின் பொறுப்பு. கொடுக்க முடியாததால் ஆட்டம் எதிரணிக்குப் போனது. நாம் மேல் டிவிஷனுக்குப் போகவில்லை. கோச் மறுநாள் இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிட்னி சரியாகும்வரை எசக்கிக்கு இளநீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும், கட்டிலோரம் உட்கார்ந்து தானே குடித்தார். என்னிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் அடுத்த சீசனிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பசங்களை வரிசையாக நிறுத்தி, "நேத்து எங்க வேல பாத்த, எத்தன மணிக்குத் தூங்கின" என்று அவரே கேட்க ஆரம்பித்ததாகச் சொன்னார்கள். நான் அப்போது கிளப்பில் இல்லை.

எசக்கியின் வேலை அந்த வாரமே போய்விட்டது. அவனுக்காக லைனில் நின்ற கூட்டாளியை வேறு ஷிப்டுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எசக்கி தெளிவாக இருந்தான்.

"வேண்டாம்னு சொன்னேம்லா, அண்ணே."

"சொன்ன."

"கேட்டுச்சுல்லா?"

"கேட்டுச்சுடா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போய்விட்டான். போன் செய்தால் எடுக்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், வேறு வழியே இல்லையா என்று. இருந்திருக்கலாம். செக்யூரிட்டியிடம் கெஞ்சியிருக்கலாம், கேட் ஏறிக் குதித்திருக்கலாம், நர்ஸம்மாவைக் கத்திக் கூப்பிட்டிருக்கலாம். சாவகாசமாக உட்கார்ந்து யோசித்தால் எனக்கே நாலு வழி தோன்றுகிறது. அன்றைக்கு என் கையில் இருந்தது ஒரு கார்டு. நீங்களும் ஆடும்போது இப்படித்தான் இருக்கும். நல்ல வழி எது என்று வீட்டுக்குப் போன பிறகு தெரியும். மைதானத்தில் கையில் இருப்பதை வைத்து ஒன்றைச் செய்ய வேண்டும். செய்ததற்கு வருகிற கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைப்பாக்கத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எசக்கி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான், மறுபடியும் கான்ட்ராக்டில். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான். உள்ளே வந்து நின்றுகொண்டே பேசினான்.

"எங்கம்மா பாத்துட்டு வரச் சொன்னாவ. அதான் வந்தேன். எனக்கு ஒங்க மேல கோவம் இன்னும் போவலண்ணே. அத முன்னாலயே சொல்லிப்புடுதேன்."

"சரிடா. உக்காரு, சாப்புடு."

"சாப்புட வரல."

"மீன் கொழம்பு வெச்சிருக்கேன் தம்பி," என்றாள் என் மனைவி.

உட்கார்ந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியிடம், குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல், எங்க ஊரில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள் என்றான். பிறகு சோறு கேட்டு வாங்கினான். மறுபடியும் குழம்பு ஊற்றிக்கொண்டான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கோபமாக ஒருத்தன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.